அப்போலோ 13: டேங்க் வெடித்த பிறகு மூவரும் எப்படி உயிரோடு திரும்பினார்கள்?

கேள்வி இதுதான்: 1970-ல் நிலவுக்குப் போகும் வழியில் அப்போலோ 13-ன் ஆக்சிஜன் டேங்க் வெடித்தது. மூச்சுவிட ஆக்சிஜன் இல்லாமல் மூன்று வீரர்களும் நான்கு நாள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? டேப் ஒட்டிச் செய்த ஒரு பெட்டிதான் அவர்களைக் காப்பாற்றியது என்கிறார்களே, அது உண்மையா?

முதலில் ஒரு திருத்தம். மூச்சுவிடும் ஆக்சிஜனுக்கு அவர்களுக்குப் பஞ்சமே வரவில்லை. கடைசி நாளில் நிலவுக்கலத்தைக் கழற்றிவிட்டபோது அதில் சுமார் 13 கிலோ ஆக்சிஜன் மிச்சமிருந்தது. கொண்டுபோனதில் பாதிக்கும் மேல். பற்றாக்குறையாக இருந்தவை வேறு: மின்சாரம், தண்ணீர், கரியமில வாயுவை உறிஞ்சும் வடிகட்டி, போகும் பாதையின் துல்லியம். பெட்டிக் கதை உண்மைதான். அது இல்லாவிட்டால் மூவரும் இறந்திருப்பார்கள். ஆனால் அது நான்கு கணக்கில் ஒன்று மட்டும். நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன, அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

அப்போலோ விண்கலம் மூன்று துண்டுகள் சேர்ந்தது. மூவரும் உட்காரும் கூம்பு வடிவக் கட்டளைக் கலம், பெயர் ஒடிஸி. வெப்பக் கேடயம் உள்ளது இதற்கு மட்டும்தான். பூமியின் காற்றுமண்டலத்துக்குள் எரியாமல் நுழையக்கூடியதும் இது ஒன்றே. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் உருளை, சேவைக் கலம். பெரிய என்ஜின், ஆக்சிஜன் டேங்குகள் இரண்டு, ஹைட்ரஜன் டேங்குகள் இரண்டு, மூன்று ஃபியூயல் செல்கள் எல்லாம் அதில்தான். முன்னால் மூக்கோடு மூக்கு பூட்டிய நிலவுக்கலம், பெயர் அக்வேரியஸ். இரண்டு பேர் நிலவில் இறங்கித் தங்கித் திரும்பி ஏற, சுமார் 45 மணி நேரத்துக்கு என்று கட்டியது.

ஃபியூயல் செல் என்பது ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தருவது. கழிவாக வருவது தண்ணீர், அதைத்தான் வீரர்கள் குடிப்பார்கள். ஆகவே சேவைக் கலத்து ஆக்சிஜன் போனால் மின்சாரமும் போகும், குடிதண்ணீரும் போகும், பெரிய என்ஜினை இயக்கும் வழியும் போகும்.

வெடித்தது ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இதன் வேர் 1965-க்குப் போகிறது. டேங்குக்குள் ஒரு ஹீட்டர், அது அளவுக்கு மீறிச் சூடானால் அணைக்கும் தெர்மோஸ்டாட் சுவிட்சுகள், உள்ளே இருப்பதைக் கலக்கிவிட இரண்டு விசிறிகள். பறக்கும்போது விண்கலத்தின் மின்சாரம் 28 வோல்ட். சுவிட்சுகளும் அதற்கேற்பவே இருந்தன. ஏவுதளத்தில் சோதிக்கும்போது 65 வோல்ட் கொடுப்பார்கள் என்று 1965-ல் வரையறையை மாற்றினார்கள். மற்றவை மாறின, இந்தச் சுவிட்சுகள் மட்டும் மாறவில்லை. யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டாவது கண்ணி 1968-ல். இந்த 2-ம் எண் டேங்க் முதலில் அப்போலோ 10-ல் இருந்தது. மாற்றியமைக்கக் கழற்றும்போது ஒரு போல்ட்டை எடுக்க மறந்ததால் டேங்க் இருந்த தட்டு சுமார் 5 சென்டிமீட்டர் கீழே விழுந்தது. வெளியே அடி எதுவும் தெரியவில்லை. உள்ளே நிரப்பும் குழாய் இடம் பெயர்ந்திருக்க வேண்டும் என்பதே விசாரணையின் முடிவு. 1970 மார்ச்சில் ஏவுதளத்தில் ஒத்திகை முடிந்து டேங்கைக் காலிசெய்யப் பார்த்தபோது இது காலியாக மறுத்தது. சரி, ஹீட்டரைப் போட்டு ஆக்சிஜனை ஆவியாக்கியே வெளியேற்றிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். 65 வோல்ட்டில், 8 மணி நேரம்.

தெர்மோஸ்டாட் திறக்க முயன்ற கணத்தில், தாங்க முடியாத மின்னோட்டம் பாய்ந்து அதன் முனைகள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டன. அதன் பிறகு ஹீட்டரை அணைக்க ஆளில்லை. உள்ளே சில இடங்களில் வெப்பம் 540 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போயிருக்கலாம். வெளியே இருந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த மானி 30 டிகிரிக்குக் கீழேயே நின்றுவிடும்படி செய்தது. அதற்கு மேல் போகும் தேவையே வராது என்பது அமைத்தவர்களின் நம்பிக்கை. விசிறிக் கம்பிகளின் மேல் இருந்த டெஃப்லான் உறை வெந்து வெடித்து, கம்பி வெளியே தெரியும் நிலையில், அதே டேங்கில் மறுபடி ஆக்சிஜன் நிரப்பினார்கள். 1970 ஏப்ரல் 11 அன்று கென்னடி விண்வெளி மையத்திலிருந்து அது கிளம்பியது. உள்ளே ஜிம் லவல், ஜாக் ஸ்விகர்ட், ஃபிரெட் ஹெய்ஸ்.

ஹூஸ்டன் நேரப்படி ஏப்ரல் 13 இரவு 9:08. கிளம்பி 55 மணி 54 நிமிடம், பூமியிலிருந்து சுமார் 3,30,000 கிலோமீட்டர். டேங்குகளைக் கலக்கிவிடச் சொல்லி ஹூஸ்டனில் இருந்த தரைக் கட்டுப்பாட்டு மையம் கேட்டது. ஸ்விகர்ட் விசிறி சுவிட்சைப் போட்டார். கம்பியில் பொறி பறந்தது. சாதாரணக் காற்றில் டெஃப்லான் லேசில் எரியாது. 60 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் சுத்த ஆக்சிஜனில் நன்றாகவே எரியும். ஒன்றரை நிமிடத்தில் டேங்க் வெடித்து, சேவைக் கலத்தின் ஒரு பக்கத் தகடு முழுசாகப் பிய்த்துக்கொண்டு போனது. அந்த அதிர்ச்சியில் இரண்டு ஃபியூயல் செல்களுக்குப் போகும் வால்வுகள் மூடிக்கொண்டன. அவை சில நிமிடங்களில் செத்தன. 1-ம் எண் டேங்கும் அடிபட்டுக் கசியத் தொடங்கியது. ஜன்னல் வழியே பார்த்த லவல், ஏதோ வாயு வெளியேறுகிறது என்றார். அது அவர்களின் கடைசி ஆக்சிஜன்.

நேரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலர் இதைக் கவனிப்பதில்லை. இதே டேங்க் இரண்டு நாள் கழித்து வெடித்திருந்தால் லவலும் ஹெய்ஸும் அக்வேரியஸில் நிலவின் பக்கம் இருந்திருப்பார்கள். நிலவிலிருந்து கிளம்பிய பிறகு என்றால் அக்வேரியஸே இருந்திருக்காது. இரண்டிலும் யாரும் பிழைக்க முடியாது. டேங்குகளைக் கலக்குவது நாளுக்கு ஒரு தடவை செய்யும் வேலை. ஆனால் இந்த 2-ம் எண் டேங்கின் அளவு காட்டும் கருவி வெடிப்புக்குச் சுமார் 9 மணி நேரம் முன் பழுதானதால், அளவை உறுதிப்படுத்திக்கொள்ள ஹூஸ்டன் அடிக்கடி கலக்கச் சொன்னது. வெடித்தது ஐந்தாவது தடவை. அந்தச் சின்னப் பழுது வராமல் இருந்திருந்தால் ஐந்தாவது தடவை மிகவும் பிந்தி, காப்பாற்ற வழியில்லாத நேரத்தில் வந்திருக்கும்.

நிலவுக்கலத்தை உயிர்ப்படகாக ஆக்கும் யோசனை அன்றிரவு திடீரென்று உதித்ததும் அல்ல. அப்போலோ 10-க்கு முன் நடந்த ஒரு பயிற்சியில் இப்படி ஃபியூயல் செல்கள் சாகும் சூழலைக் கொடுத்துப் பார்த்தார்கள், காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு நிலவுக்கலப் பிரிவினர் உட்கார்ந்து வழிமுறைகளை எழுதிவைத்தார்கள். இரண்டு கலங்களும் பூட்டியிருக்கும்போதே நிலவுக்கல என்ஜினை இயக்கித் தள்ளுவதை 1969 மார்ச்சில் அப்போலோ 9 பூமியைச் சுற்றியபடி செய்து பார்த்திருந்தது. இவை இரண்டும் இல்லையென்றால் அந்த இரவு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இப்போது வீடு மாற வேண்டும். ஒடிஸியில் கிட்டத்தட்ட 15 நிமிடத்துக்கான மின்சாரம்தான் பாக்கி என்ற கட்டம் வரை போனது. ஒடிஸிக்குள் தனியாக மூன்று பேட்டரிகள் உண்டு, ஒவ்வொன்றும் 40 ஆம்பியர்-மணி, அதாவது ஒரு ஆம்பியர் மின்னோட்டத்தை 40 மணி நேரம் தரும் அளவு. அவை கடைசி நாளில் பூமிக்குள் நுழைவதற்கு. அதேபோல ஒரு சிறிய ஆக்சிஜன் டேங்கும் நுழைவுக்கென்று இருந்தது. கசியும் டேங்குக்குப் பதிலாக இந்தச் சேமிப்பிலிருந்து எடுக்க ஒடிஸி தொடங்கியதும், தரையிலிருந்தவர்கள் சட்டென்று அதை அடைக்கச் சொன்னார்கள். அன்றிரவின் மிக முக்கியமான சுவிட்ச் அது என்பேன். விதைநெல்லை எடுத்துச் சமைத்துவிட்டால் அப்புறம் எது இருந்தும் பயனில்லை.

அக்வேரியஸை எழுப்பினால் மட்டும் போதாது, தான் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறோம் என்று அதன் கணினிக்குத் தெரிய வேண்டும். வழக்கமாக நட்சத்திரங்களைப் பார்த்து அமைப்பார்கள். வெளியே வெடித்த துணுக்குகள் வெயிலில் மின்னிக்கொண்டே கூட வந்ததால், எது நட்சத்திரம் எது தகடு என்று பிரிக்க முடியவில்லை. ஒரே வழி, ஒடிஸி அணைவதற்குள் அதன் கோணங்களை அக்வேரியஸுக்கு மாற்றுவது. இரண்டு கலங்களும் எதிரெதிர் பார்த்துப் பூட்டியவை. அதனால் ஒவ்வொரு எண்ணையும் கூட்டிக் கழித்துத் திருப்பிப் போட வேண்டும். லவல் தாளில் பென்சிலால் கணக்குப் போட்டார், எண்களை வானொலியில் படித்து, கூட்டல் சரியா பாருங்கள் என்று ஹூஸ்டனைக் கேட்டார். அப்போலோ 8-ல் ஏற்கெனவே நிலவைச் சுற்றிய ஆள் அவர். அந்த நேரத்தில் தன் கூட்டலைத் தானே நம்பாமல் சரிபார்க்கச் சொன்னதுதான் அவருடைய பயிற்சி. ஒரு கோணம் தவறினாலும் அடுத்து என்ஜினைப் போடும்போது தவறான திசையில் தள்ளும்.

அடுத்தது எந்த வழியில் திரும்புவது. சேவைக் கலத்தின் பெரிய என்ஜினைப் போட்டு அப்படியே திரும்பிவிடலாமே என்று தோன்றும். அந்த என்ஜின் வெடிப்பில் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. மேலும் அவ்வளவு வேகத்தைத் திருப்ப அக்வேரியஸைக் கழற்றி எறிய வேண்டியிருக்கும். விமான இயக்குநர் ஜீன் கிரான்ஸ், நிலவைச் சுற்றி வருவது என்று தீர்மானித்தார். சிக்கல் என்னவென்றால், ஃப்ரா மவ்ரோ என்ற இடத்தில் இறங்குவதற்காக, தானாகப் பூமிக்குத் திரும்பும் பாதையை விட்டு அவர்கள் முன்பே விலகியிருந்தார்கள். எனவே வெடித்து ஐந்தரை மணி நேரத்தில், நிலவில் இறங்கப் பயன்படுத்தும் என்ஜினை 34 விநாடி இயக்கி, பழைய பாதைக்கு வந்தார்கள். இனி எதுவும் செய்யாவிட்டாலும் நிலவின் ஈர்ப்பு அவர்களைச் சுழற்றிப் பூமிப் பக்கம் அனுப்பும். ஆனால் கிளம்பியதிலிருந்து 152 மணி நேரக் கணக்கில், இந்தியப் பெருங்கடலில். மீட்புக் கப்பல்கள் பசிபிக்கில் இருந்தன. மின்சாரமும் தண்ணீரும் அவ்வளவு நேரம் வராது.

ஆகவே நிலவுக்குப் பின்பக்கமாக 254 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து, இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவது தடவை என்ஜினைப் போட்டார்கள்: 4 நிமிடம் 23 விநாடி. அதற்கு முன் அந்தப் பென்சில் கணக்கின் கோணங்கள் இன்னும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நட்சத்திரத்துக்குப் பதில் சூரியனையே குறிவைத்துப் பார்த்தார்கள். ஒரு டிகிரிக்குள் இருந்தால் போதும் என்பது நிபந்தனை. அதற்குள் நன்றாகவே இருந்தது. இந்த உந்தலால் பயணம் சுமார் 10 மணி நேரம் குறைந்தது, இறங்குமிடம் பசிபிக்குக்கு வந்தது. இன்னும் வேகமான ஒரு வழியும் பேசப்பட்டது. சேவைக் கலத்தைக் கழற்றிவிட்டு, எரிபொருளை ஏறக்குறைய முழுசாக எரித்தால் 118 மணி நேரத்தில் திரும்பலாம். அப்படிச் செய்தால் சேவைக் கலம் மூடிக்கொண்டிருக்கும் வெப்பக் கேடயம் நாள் கணக்கில் விண்வெளிக் குளிரில் திறந்து கிடக்கும். அது எப்படித் தாங்கும் என்று சோதித்தவர் யாருமில்லை. வேண்டாம் என்று விட்டது சரியான முடிவு.

இனி மின்சாரமும் தண்ணீரும். இரண்டும் ஒரே கணக்கு என்பதுதான் இதில் புரிந்துகொள்ள வேண்டியது. அக்வேரியஸின் பேட்டரிகளில் இருந்தது 2,181 ஆம்பியர்-மணி. ஏறக்குறைய 84 மணி நேரம் ஓட்ட வேண்டும். கொண்டுவந்த தண்ணீர் 153 கிலோ. அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி மனிதர்களுக்கு அல்ல, கருவிகளுக்கு. காற்றில்லாத இடத்தில் மின்கருவிகளின் சூட்டை வீச வழி கிடையாது. அதற்காக நுண்துளைகள் கொண்ட ஒரு உலோகத் தட்டின் வழியே தண்ணீரைக் கசியவிடுவார்கள். அது வெற்றிடத்தில் உறைந்து, உறைந்த நிலையிலிருந்து நேரே ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். எவ்வளவு மின்சாரம் எரிகிறதோ அவ்வளவு சூடு. எவ்வளவு சூடோ அவ்வளவு தண்ணீர். ஒரு விளக்கை அணைத்தால் பேட்டரியிலும் மிச்சம், தண்ணீரிலும் மிச்சம்.

இரண்டாவது உந்தல் முடிந்ததும் வழிகாட்டிக் கணினி, பெரும்பாலான விளக்குகள், ஹீட்டர்கள் எல்லாவற்றையும் அணைத்தார்கள். மிச்சம் இருந்தது வானொலி, காற்றைச் சுழற்றும் விசிறி, குளிர்நீர் பம்பு போன்றவைதான். மின்னோட்டம் 12 ஆம்பியருக்கு இறங்கியது, ஏறத்தாழ 350 வாட். வீட்டில் ஒரு மிக்ஸி எடுக்கும் மின்சாரம் அதைவிட அதிகம். அந்த அளவில் மூன்று மனிதர்களும் ஒரு விண்கலமும் இரண்டரை நாள் ஓடின.

இத்தனை சிக்கனம் செய்தும், தண்ணீர் பூமிக்கு வருவதற்குச் சுமார் 5 மணி நேரம் முன்பே தீர்ந்துவிடும் என்று ஒரு கட்டத்தில் கணக்கு வந்தது. அப்போது ஒரு பழைய தகவல் கைகொடுத்தது. அப்போலோ 11-ன் நிலவுக்கலத்தை நிலவின் சுற்றுப்பாதையில் விட்டுவிட்டு வந்தபோது, குளிர்விக்கத் தண்ணீர் இல்லாமல் அதன் கருவிகள் 7, 8 மணி நேரம் வேலை செய்ததைப் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். ஆகவே 5 மணி நேரம் தாங்கும். வீரர்கள் தங்கள் பங்குக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிக்கும் குறைவாகக் குடித்தார்கள், ஒரு டம்ளர் அளவு. வழக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பழரசப் பைகளை உறிஞ்சினார்கள். தண்ணீர் ஊற்றிச் சாப்பிட வேண்டிய உலர் உணவை விட்டுவிட்டார்கள். இதன் விலை உடம்பில் தெரிந்தது. மூவருமாகச் சேர்ந்து 14 கிலோ இளைத்தார்கள், அதில் 6 கிலோ லவலுக்கு. ஹெய்ஸுக்குச் சிறுநீர்ப் பாதையில் தொற்று ஏற்பட்டுக் காய்ச்சலோடுதான் கடைசி நாளைக் கழித்தார். கடைசியில் மிஞ்சிய தண்ணீர் சுமார் 13 கிலோ. இன்னும் கொஞ்சம் குடித்திருக்கலாமே என்று இன்றைக்குத் தோன்றும். அன்றைக்கு அந்த 13 கிலோ மிஞ்சும் என்று யாரால் சொல்லியிருக்க முடியும்?

இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம். மூச்சில் வெளியாகும் கரியமில வாயுவை லித்தியம் ஹைட்ராக்சைடு நிரப்பிய டப்பாக்கள் உறிஞ்சிக்கொள்ளும். அக்வேரியஸில் இருந்தவை இரண்டு பேருக்கு 45 மணி நேரம், அதாவது 90 ஆள்-மணிக்கு என்று திட்டமிட்டவை. தேவைப்பட்டதோ மூன்று பேருக்கு 84 மணி நேரம், 250 ஆள்-மணிக்கும் மேல். ஒடிஸியில் டப்பாக்கள் தாராளமாக இருந்தன, ஆனால் அவை சதுரம். அக்வேரியஸின் துளை வட்டம். இரண்டு கலங்களையும் வெவ்வேறு நிறுவனங்கள் கட்டின. ஒன்றின் டப்பா மற்றதற்குப் பொருந்த வேண்டும் என்ற தேவை யாருக்கும் தோன்றவில்லை.

கரியமில வாயுவின் அழுத்தம் பாதரச அளவில் 7.6 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. முள் அதைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. அளவு கூடக்கூட முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குழப்பம், அதன் பிறகு நினைவிழப்பு. சிந்தனை மழுங்கிய ஒருவர் கோணக் கணக்குப் போட முடியாது, அதுதான் உடனடி அபாயம். ஹூஸ்டனில் எட் ஸ்மைலியின் குழுவினர், கலத்துக்குள் இருக்கும் பொருட்களை மட்டும் மேசையில் பரப்பி ஒரு வழி கண்டுபிடித்து, சோதித்துப் பார்த்து, வழிமுறையை எழுதிக் கொடுத்தார்கள். தரையிலிருந்து வீரர்களோடு பேசும் பொறுப்பிலிருந்த ஜோ கெர்வின் அதை வானொலியில் வரி வரியாக, ஏறத்தாழ ஒரு மணி நேரம் படித்தார். மேலே படம் அனுப்ப வழியில்லை. சொல்லைக் கேட்டே செய்ய வேண்டும்.

செய்த விதம் இது. சதுர டப்பாவைச் சுற்றிச் சாம்பல் நிற டக்ட் டேப்பை, ஒரு கை நீளம் கிழித்து, பசைப்பக்கம் வெளியே தெரியும்படி சுற்ற வேண்டும். விண்வெளி உடைக்கு உள்ளே போடும் குளிர்நீர் உள்ளாடையைச் சுற்றிவைத்திருந்த பிளாஸ்டிக் பையை வெட்டித் திறந்து, டப்பாவின் ஒரு முகத்தின் மேல் கவிழ்த்து, வெளியே தெரியும் அந்தப் பசையில் அழுத்தி ஒட்ட வேண்டும். மேலே இன்னொரு சுற்று டேப், காற்று கசியாமல். அதற்கு முன் ஒரு வேலை உண்டு. கையேட்டின் கெட்டி அட்டையை வெட்டி வளைத்து, டப்பாவின் மேல் கூரைபோல் நிறுத்த வேண்டும். இந்த அட்டைதான் இந்த வேலையின் புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம். அது இல்லாவிட்டால், விசிறி காற்றை இழுத்ததும் பிளாஸ்டிக் பை டப்பாவின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டு, வழியை அடைத்துவிடும். அட்டை வளைவு பையைத் தூக்கிப் பிடிக்கிறது. டப்பாவின் அடியில் உள்ள நடுத்துளையைக் காலுறை போன்ற ஏதாவது துணியால் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று ரசாயனத்தைத் தொடாமல் குறுக்கே போய்விடும். கடைசியாகப் பையில் ஒரு ஓட்டை போட்டு, விண்வெளி உடையின் காற்றுக் குழாயைச் செருகி டேப் சுற்ற வேண்டும். குழாயின் மறுமுனை அக்வேரியஸின் விசிறிக்குப் போகிறது. விசிறி இழுக்க, அறைக் காற்று டப்பா வழியே நுழைந்து சுத்தமாகிக் குழாய்க்குள் போகும். இப்படி இரண்டு செய்தார்கள். காது வைத்துக் கேட்டார்கள், காற்று போகும் சத்தம் வந்தது. முள் இறங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு கடைசிவரை இந்தக் கணக்கில் கவலை இருக்கவில்லை.

குளிரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவிகள் அணைந்ததால் சூடு இல்லை. அணைத்துவைத்த ஒடிஸி 3 டிகிரி வரை இறங்கியது. லவலும் ஹெய்ஸும் நிலவில் நடப்பதற்கான காலணிகளைப் போட்டுக்கொண்டார்கள். ஸ்விகர்ட்டுக்கு அதுவும் இல்லை, தண்ணீர் எடுக்கும்போது சிந்தி அவர் கால் ஈரமாகவே இருந்தது. யாராலும் சரியாகத் தூங்க முடியவில்லை. மூச்சின் ஈரம் சுவர்களிலும் சுவிட்சுப் பலகைகளிலும் முத்து முத்தாகப் படிந்தது.

பாதைக் கணக்கு இதற்குள் மறுபடி வந்து நின்றது. பூமியின் காற்றுமண்டலத்துக்குள் நுழையும் கோணம் சுமார் 5.5-க்கும் 7.5 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக வந்தால் எரிந்துபோவார்கள், தட்டையாக வந்தால் பிடி கிடைக்காமல் விலகிப் போவார்கள். இவர்களுடைய பாதை மெல்ல மெல்லத் தட்டையாகிக்கொண்டே வந்தது, காரணம் முதலில் தெரியவில்லை. வேறொன்றுமில்லை, கருவிகளைக் குளிர்விக்க ஆவியாகிப் போன அந்தத் தண்ணீர்தான். ஊதி அணைக்கும் மூச்சைவிட மென்மையான உந்தல், ஆனால் நாள் கணக்கில் ஒரே பக்கமாக. சிறுநீரை வெளியே கொட்டினாலும் பாதை அசையும் என்பதால் அதையும் பைகளில் பிடித்து உள்ளேயே வைத்திருந்தார்கள்.

திருத்த என்ஜினைப் போட வேண்டும். கணினியை எழுப்ப மின்சாரம் இல்லை. அப்போலோ 8 காலத்தில் யோசித்துவைத்திருந்த ஒரு முறையைக் கையில் எடுத்தார்கள். பூமியில் பகலும் இரவும் சந்திக்கும் கோடு ஜன்னல் குறியில் ஒரே இடத்தில் நிற்கும்படி பிடித்துக்கொண்டால், கலம் சரியான பக்கம் பார்த்திருக்கிறது என்று பொருள். லவலும் ஹெய்ஸும் ஆளுக்கொரு கட்டுப்பாட்டைப் பிடித்தார்கள். ஸ்விகர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார். 14 விநாடி. இதில் இன்னொரு தொல்லை: அக்வேரியஸின் சிறு ராக்கெட்டுகள் தன் உடலைத் திருப்புவதற்கு அமைந்தவை, மறுமுனையில் ஒடிஸியும் சேவைக் கலமும் தொங்கும்போது அதன் நடவடிக்கையே வேறு. லவல் கலத்தை ஓட்டுவதை நடுவழியில் புதிதாகப் பழகவேண்டியிருந்தது. நுழைவுக்கு 5 மணி நேரம் முன், சிறு ராக்கெட்டுகளால் இன்னொரு 21 விநாடி திருத்தம்.

கடைசிக் கணக்கு ஒடிஸியை எழுப்புவது. பறந்துகொண்டிருக்கும்போது முழுசாக அணைத்துக் குளிர்ந்துபோன கட்டளைக் கலத்தை யாரும் அதற்கு முன் எழுப்பியதில்லை. அதற்கான வழிமுறை எழுதுவது மாதக் கணக்கில் செய்யும் வேலை. மூன்று நாளில் செய்தார்கள். ஜான் ஏரன் மின்சார வரவுசெலவைப் பிடித்துக்கொண்டார்: எந்தக் கருவி, எத்தனை நிமிடம், எத்தனை ஆம்பியர். கடைசி வேளையில் பயணத்திலிருந்து நீக்கப்பட்ட கென் மேட்டிங்லி, பயிற்சிக் கலத்தில் உட்கார்ந்து அந்த வரிசையைச் சரிபார்க்க உதவினார். ஒடிஸியின் ஒரு பேட்டரியில் முதல் இரவே 20 ஆம்பியர்-மணி செலவாகியிருந்தது. வழக்கமாக ஒடிஸியிலிருந்து அக்வேரியஸுக்கு மின்சாரம் போகும் கம்பி வழியே, இப்போது தலைகீழாக அக்வேரியஸிலிருந்து மின்சாரம் அனுப்பி அதை நிரப்பினார்கள். பட்டியலை மேலே படித்துச் சொல்லவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூவரும் கிடைத்த தாள்களில் எழுதிக்கொண்டார்கள்.

சுவிட்சுப் பலகையில் தண்ணீர் சொட்டும்போது மின்சாரம் கொடுத்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகாதா? ஆகவில்லை. 1967-ல் ஏவுதளத்திலேயே அப்போலோ 1 தீப்பிடித்து மூன்று வீரர்கள் இறந்த பிறகு, கம்பிகளின் காப்பு முழுவதையும் மாற்றியமைத்திருந்தார்கள். இவர்கள் துண்டால் துடைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார்கள், ஒடிஸி எழுந்தது.

சேவைக் கலத்தைக் கழற்றிவிட்ட பிறகுதான் அதன் ஒரு பக்கம் முழுதும் இல்லாததைக் கண்ணால் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். அக்வேரியஸை விலக்குவதில் ஒரு கேள்வி இருந்தது. வழக்கமாகச் சேவைக் கலத்தின் ராக்கெட்டுகள் பின்னால் இழுக்கும். இப்போது அது இல்லை. இரண்டு கலங்களுக்கும் நடுவே உள்ள சுரங்கத்தில் கொஞ்சம் காற்றை விட்டுவைத்து, பூட்டைத் திறந்தால் அந்தக் காற்றே தள்ளிவிடும். அதிகம் விட்டால் நுழைவாயில் மூடி சேதமாகும், குறைத்தால் போதிய தூரம் விலகாது. எவ்வளவு என்று கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகப் பொறியாளர்கள் சில மணி நேரத்தில் கணக்கிட்டுச் சொன்னார்கள். அக்வேரியஸில் நிலவுச் சோதனைக் கருவிக்கென்று புளூட்டோனியம் இருந்தது. அதனால் அதன் மிச்சம் பசிபிக்கின் டோங்கா ஆழ்பள்ளத்தில் விழும்படி பார்த்துக்கொண்டார்கள்.

காற்றுமண்டலத்தில் நுழைந்தபோது வானொலித் தொடர்பு அறுந்திருந்த நேரம் எதிர்பார்த்ததைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டது. கலம் வேகம் குறையத் தொடங்கியதும், பலகைகளின் பின்னால் நான்கு நாளாகச் சேர்ந்திருந்த ஈரம் மூவர் மேலும் மழையாகக் கொட்டியது. ஏப்ரல் 17 அன்று, கிளம்பி 142 மணி 54 நிமிடத்தில், சமோவாவுக்குத் தென்கிழக்கே கடலில் இறங்கினார்கள். மீட்புக் கப்பல் இவோ ஜிமா 6.5 கிலோமீட்டர் தள்ளி நின்றது.

எட்கர் கோர்ட்ரைட் தலைமையிலான விசாரணைக் குழு ஜூனில் அறிக்கை கொடுத்தது. டேங்குக்குள் இருந்த விசிறிகளையே எடுத்துவிட்டார்கள். கம்பிகளுக்குத் துருப்பிடிக்காத எஃகு உறை போட்டார்கள். மூன்றாவது ஆக்சிஜன் டேங்கை மற்ற இரண்டுக்கும் எட்டாத இன்னொரு அறையில் வைத்தார்கள். அவசரத்துக்கென்று சுமார் 20 லிட்டர் தண்ணீர் சேர்த்தார்கள். சேவைக் கலத்துக்குள் கூடுதலாக ஒரு பேட்டரி வைத்தார்கள், 400 ஆம்பியர்-மணி. அக்வேரியஸின் அடிப்பகுதியில் இருந்து மூவரையும் வீடு சேர்த்த அதே வகை. இவற்றோடு அப்போலோ 14, 1971 பிப்ரவரியில் ஃப்ரா மவ்ரோவில் இறங்கியது.